வாட்ஸ்அப்பில் சொன்னால் போதுமா?

மாணவர்களே, தடுப்பூசி போட்ட மறுநாள் உங்கள் தங்கைக்குக் கடுமையான காய்ச்சல் வந்தால் வீட்டில் என்ன நடக்கும்? அம்மா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொல்வார். அத்தை அதை இன்னொரு குழுவுக்கு அனுப்புவார். மாலைக்குள் நூறு பேருக்குத் தெரிந்துவிடும். ஆராய்ந்து பார்க்க வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியாது.

அவர்களுக்குத் தெரிந்தால் என்ன பயன்? 1998 ஆகஸ்டில் அமெரிக்காவில் ரோட்டாஷீல்ட் என்ற சொட்டு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா கிருமியைத் தடுக்கும் மருந்து அது. ஆனால், மருந்து பெற்ற சில குழந்தைகளுக்குக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொண்டதாகத் தகவல் வந்தது. சுமார் 15 லட்சம் முறை கொடுக்கப்பட்ட மருந்தைப் பற்றி 1999 ஜூலைக்குள் வந்த அறிக்கைகள் வெறும் 15. அவையே போதுமானதாக இருந்தன. மருந்து கொடுப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. அக்டோபரில் அது சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. பின்னர் வந்த புதிய ரோட்டா தடுப்பு மருந்துகளில் சில, ஒவ்வொன்றும் 60,000க்கும் அதிகமான குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டிருந்தன.

பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் பாதிப்பு, சில ஆயிரம் பேரிடம் செய்யும் சோதனையில் தெரியாமல் போகலாம். அதனால்தான் அறிக்கைகள் தேவை.

ஆனால், ஓர் அறிக்கை தீர்ப்பாகிவிடாது. அது ஒரு கேள்வி மட்டுமே. சேவல் கூவிய பிறகு விடிகிறது என்பதற்காக, சேவல்தான் விடிய வைத்தது என்போமா? தடுப்பூசி போட்டவர்களிடம் அந்தப் பாதிப்பு வழக்கத்தைவிட அதிகமா என்று நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விடை கிடைக்கும்.

மலேசியாவில் என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இத்தகைய அறிக்கைகளைப் பெறுகிறது. மருத்துவர்கள் மட்டுமல்ல, பொதுமக்களும் அனுப்பலாம். இது உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளியில் தடுப்பூசி போடுவதற்கு முன் பெற்றோருக்குத் தரும் கடிதத்திலேயே, எங்கே, எப்படித் தெரிவிப்பது என்று அச்சிட வேண்டும். தெரிவித்தவருக்கு முடிவையும் சொல்ல வேண்டும். பதில் கிடைத்தால்தான் மக்கள் மறுமுறையும் எழுதுவார்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. தடுப்பூசியின் பெயர், தொகுதி எண், போட்ட நாள், அறிகுறி தொடங்கிய நேரம் ஆகிய நான்கையும் குறித்து வையுங்கள். அறிகுறி கடுமையாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். பிறகு, வாட்ஸ்அப்பில் சொல்வதற்கு முன் அறிக்கையில் சொல்லுங்கள்.