கிறித்துவ ராக் அலமாரியில் யாருக்கு இடமில்லை?

1998ஆம் ஆண்டு, கிங்ஸ் எக்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் டக் பின்னிக், ஒரு கிறித்துவ இதழுக்குக் கொடுத்த பேட்டியில் தான் தன்பாலீர்ப்பாளர் என்று சொன்னார். அதுவரை அந்தக் குழுவின் ஆல்பங்களைக் கிறித்துவப் புத்தகக் கடைகளுக்குக் கொண்டுசேர்த்த விநியோக நிறுவனம் அவர்களைக் கைகழுவியது. கடைகள் அவர்களுடைய சிடிக்களை அலமாரியிலிருந்து இறக்கின. பாட்டில் ஒரு சுரம்கூட மாறியிருக்கவில்லை. நேற்றுவரை ஆசீர்வாதமாக இருந்த அதே சிடி இன்று தீட்டாகிவிட்டது.

பின்னிக் கறுப்பர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்தக் கடைகளில் விற்ற ஹார்டு ராக் ஆல்பங்களின் அட்டைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். முடியை விரித்துப் போட்ட வெள்ளை இளைஞர்கள், அடுத்த அட்டையிலும் அவர்களே, அதற்கடுத்ததிலும் அவர்களே. கறுப்பு முகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேடினால் கிடைக்கும் மிகச் சிலரில் இவர் ஒருவர். கடைசியில் அவரும் வெளியே. அவரை வெளியேற்றியது நிறவெறி என்று நான் சொல்ல வரவில்லை. காரணம் வெளிப்படையானது, தன்பாலீர்ப்பு வெறுப்பு. ஆனால் எது பரிசுத்தம், எது தீட்டு என்று தீர்ப்புச் சொல்லும் அந்த அலமாரி எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்கப் போனால், நிறத்தைத் தொடாமல் பேசவே முடியாது.

"கிறித்துவ ராக்கா? அமெரிக்க வலதுசாரிகளின் பிரச்சாரக் குப்பைதானே?" என்று தோழர்கள் பலர் சிரித்துவிட்டுக் கடந்துபோவார்கள். சிரிக்கவும் நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. தேனீ போல மஞ்சளும் கறுப்பும் பட்டையடித்த இறுக்கமான உடையில் மேடையேறி, கூட்டத்தைப் பார்த்துப் புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களை வீசியெறிந்த ஸ்ட்ரைப்பர் குழுவை வேறெப்படிப் பார்ப்பது? ஆனால் 1986இல் வந்த அவர்களுடைய 'டு ஹெல் வித் தி டெவில்' ஆல்பத்தை ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டு கிடார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே மெட்டை இரு சுரங்களில் இழுக்கின்றன. மைக்கேல் ஸ்வீட்டின் குரல் உச்சிக்குப் போயும் உடைவதில்லை. கோரஸ் வந்தால் பத்துப் பேர் பாடுவது போல விரிகிறது. மெலடிக் ஹார்டு ராக் என்பதே இதுதான்: உறுமும் கிடாருக்கு மேலே யாரும் கூடச் சேர்ந்து பாடக்கூடிய மெட்டு. அந்த ஆல்பம் அமெரிக்காவில் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அதிலிருந்த 'ஹானஸ்ட்லி' எம்டிவியில் ஓடியது. மோசமான இசை என்று இதை ஒதுக்க என்னால் முடியவில்லை. 1972இல் இந்தியானா மாநிலத்தில் தொடங்கிய பெட்ரா குழுவையும் அப்படித்தான் சொல்வேன். 1990இல் வந்த அவர்களுடைய 'பியாண்ட் பிலீஃப்' அந்த வகையில் நன்றாகச் செதுக்கப்பட்ட ஆல்பங்களில் ஒன்று. வொயிட்கிராஸ், கார்டியன், ஹோலி சோல்ஜர் என்று பட்டியல் நீளும். பாதிக்கு மேல் அந்தக் கால மதச்சார்பற்ற ராக் குழுக்களின் நகல்.

கேள்வி, இந்தச் சத்தம் யாருடையது என்பது.

ஆர்கன்சா மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்ற ஊரில் 1915இல் பிறந்த சிஸ்டர் ரோஸட்டா தார்ப், கறுப்பின பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர். எலக்ட்ரிக் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆண்டவரைப் பாடினார். 1944இல் அவர் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே' பாடலை முதல் ராக் அண்டு ரோல் பதிவுகளில் ஒன்றாக எண்ணுபவர்கள் உண்டு. பத்தாண்டுகள் கழித்து வந்த எல்விஸ் பிரெஸ்லியும் ஜானி கேஷும் தார்ப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதாவது 'கிறித்துவ ராக்' என்பது எழுபதுகளில் கலிபோர்னியாவின் வெள்ளை ஹிப்பிகள் கண்டுபிடித்த புதுமை கிடையாது. ராக் பிறந்தபோதே அதற்குள் சபை இருந்தது. அது கறுப்பர்களின் சபை. அதனால் கணக்கில் வரவில்லை.

அதே சத்தம் வெள்ளைப் பிள்ளைகளின் காதில் விழத் தொடங்கியதும் என்ன நடந்தது? அலபாமாவில் ஆசா கார்ட்டர் என்ற நிறவெறியர், ராக் அண்டு ரோல் என்பது வெள்ளை இளைஞர்களைக் கெடுக்கும் கறுப்புச் சதி என்று ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தார். 1956 ஏப்ரல் 10 அன்று பர்மிங்ஹாம் நகர அரங்கில், கார்ட்டரின் ஆட்கள் மேடையேறி நாட் கிங் கோலைத் தாக்கினார்கள். கோல் பாடியது ராக்கே இல்லை, மென்மையான காதல் பாட்டு. கறுப்பர், அது போதும். இந்தக் கார்ட்டர்தான் பின்னாளில் ஆளுநர் ஜார்ஜ் வாலஸுக்கு 'என்றென்றும் இனப்பிரிவினை' என்ற 1963ஆம் ஆண்டுப் பேச்சை எழுதிக் கொடுத்தவர்.

வெள்ளைப் பிரசங்கிகள் இதையே வேறு மொழியில் சொன்னார்கள். அந்தத் தாளம் பேயின் தாளம், ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து வந்தது, உடம்புக்குள் அசுத்த ஆவியைக் கொண்டுவரும் என்றார்கள். தென் கரோலினாவிலுள்ள பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராக்கைத் தடை செய்தது. இயேசுவைப் பாடினாலும் ராக் ராக்தான் என்றது. 1971 வரை கறுப்பின மாணவர்களையே சேர்க்கவில்லை. சேர்த்த பிறகும் நிறம் தாண்டிக் காதலிக்கக் கூடாது என்று விதி போட்டது. அந்த விதிக்காக வரிவிலக்கை இழந்து, உச்ச நீதிமன்றம் வரை போய் 1983இல் தோற்றது. அப்படியும் 2000ஆம் ஆண்டில்தான் விதியைக் கைவிட்டது. கலப்புத் தாளமும் கலப்புக் காதலும் ஒரே நிறுவனத்துக்கு ஒரே சமயத்தில் ஏன் ஆகாமல் போயின என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அகமண முறைதான் சாதியின் உயிர் என்று அம்பேத்கர் 1916லேயே எழுதிவிட்டார்.

இந்தத் தீட்டைக் கழுவித்தான் எண்பதுகளின் கிறித்துவ ராக் தொழில் எழுந்தது. கழுவிய விதம் எளிது. வெள்ளையர் வாசித்தால், வரிகளில் இயேசுவின் பெயர் போதிய தடவை வந்தால், தாளம் சுத்தமாகிவிடும். அப்போதும் பழைய பிரசங்கிகள் ஒப்புக்கொள்ளவில்லை. தொலைக்காட்சிப் பிரசங்கி ஜிம்மி ஸ்வாகர்ட், கிறித்துவ ராக்கை ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய் என்று வைது 1987இல் ஒரு புத்தகமே போட்டார். ஸ்ட்ரைப்பரின் ஸ்வீட் சகோதரர்கள் மனந்திரும்பியதே ஸ்வாகர்டின் நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் என்பது இதில் வேடிக்கை. இன்னொன்றும் உண்டு. ஸ்வாகர்ட், ராக் பியானோ வெறியர் ஜெரி லீ லூயிஸின் ஒன்றுவிட்ட சகோதரர். இருவரும் வளர்ந்த லூசியானாவின் ஃபெரிடே ஊரில், ஹேனிஸ் பிக் ஹவுஸ் என்று கறுப்பர்களின் இசைக்கூடம் ஒன்று இருந்தது. லூயிஸ் சிறுவயதில் திருட்டுத்தனமாக நுழைந்து பியானோ கேட்ட இடம் அது. ஸ்வாகர்டின் சுவிசேஷப் பியானோவைக் கேட்டால் அந்தக் கூடத்தின் வாசம் அடிக்கும்.

சரி, கறுப்பர்களுக்குத் தனி இடம் இருந்ததே என்பார்கள். இருந்தது, பிரச்சினையே அந்தத் 'தனி'தான். அமெரிக்க கிறித்துவ இசைத்துறையின் டவ் விருதுகளில் 'கறுப்பு காஸ்பல்' என்று தனிப் பிரிவுகள் வைத்திருந்தார்கள். ஒரே வேதம், ஒரே ஆண்டவர், வேறு வேறு அலமாரி. கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் எழுப்பிய சபைகளைப் பார்த்த நமக்கு இது புரியும். ஸ்ட்ரைப்பர் 1990இல் 'அகெய்ன்ஸ்ட் தி லா' ஆல்பத்தில் மஞ்சள் கறுப்புப் பட்டையைக் கழற்றினார்கள், வேதவசன வாடையைக் குறைத்தார்கள். எர்த், விண்ட் அண்டு ஃபயர் என்ற கறுப்பினக் குழுவின் 'ஷைனிங் ஸ்டார்' பாடலையும் அதில் பாடினார்கள். விசுவாசி ரசிகர்கள் பலருக்குக் கோபம். வேதவசனத்தைக் காணோமே என்ற கோபம்தான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அவர்களுடைய ஆல்பங்களில் பிடித்தது அதுதான்.

எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று சொன்னால் அது பொய். சிகாகோவின் அப்டவுன் என்ற ஏழைப் பகுதியில், வரும்படியை ஒரே பையில் போட்டுக் கூட்டாக வாழ்ந்த 'ஜீசஸ் பீப்பிள்' என்ற குழுமத்திலிருந்து ரிசரக்ஷன் பேண்ட் வந்தது. ப்ளூஸ் ஊறிய கிளென் கெய்சரின் குரல், கூடவே முன்வரிசையில் அவர் மனைவி வெண்டி கெய்சர். இந்த ஆண்கள் மடத்தில் முன்னால் நின்று பாடிய பெண்கள் குறைவு. 1978இல் 'அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை', 1979இல் 'ரெயின்போஸ் எண்ட்'. இந்த இரண்டாவது ஆல்பத்தில் 'ஆஃப்ரிகான்ஸ்' என்றொரு பாட்டு, தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியைச் சாடுவது. அப்போது மண்டேலா ராபன் தீவில் சிறையில் இருந்தார். ஜெரி ஃபால்வெல் என்ற பிரசங்கி, வலதுசாரி கிறித்துவர்களைத் திரட்ட 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பைத் தொடங்கியதும் அதே 1979இல்தான். இந்த ஃபால்வெல் 1985இல் தென்னாப்பிரிக்கா போய்த் திரும்பி, பொருளாதாரத் தடை கூடாது என்றார், அந்நாட்டுத் தங்க நாணயங்களை வாங்கச் சொன்னார், பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவைப் போலி என்றார். எதிர்ப்பு கிளம்பியதும் அந்தச் சொல்லுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டார். ஒரே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிறவெறி அரசுக்கு நாணயம் விற்றுக் கொடுத்தார், இன்னொருவர் அதற்கு எதிராக கிடார் வாசித்தார். கிறித்துவ ராக் என்றாலே வலதுசாரி என்று முத்திரை குத்தும்போது இந்த இரண்டாமவரைத்தான் நாம் அழிக்கிறோம்.

ரிசரக்ஷன் பேண்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் சொல்ல மாட்டேன். அந்தக் குழுமத்தில் வளர்ந்த பிள்ளைகள் சிலர் பெரியவர்களான பிறகு, சிறுவயதில் அங்கே தங்களுக்குப் பாலியல் கொடுமை நடந்ததாக வெளிப்படையாகப் பேசினார்கள். பாட்டு சரியாக இருந்தது என்பதற்காக அதை மறைக்க முடியாது.

இங்கே மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று நாம் அறிந்தவர், நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவரப் போராடியதும் இதே கேள்விக்காகத்தான். வரியில் ஆண்டவர் இருந்தால் போதாது, எந்தத் தாளத்தில் அவர் வருகிறார் என்பதிலேயே யாருடைய ஆண்டவர் என்பது இருக்கிறது என்பது அவர் வாதம். வெள்ளைக்காரன் டிரம் செட் இங்கே மேடையேறிய வேகத்தில் பறை ஏறவில்லை.

மறுபடி கிங்ஸ் எக்ஸ். பின்னிக், டை டேபர், ஜெரி கேஸ்கில், மூன்றே பேர். தங்களைக் 'கிறித்துவக் குழு' என்று அவர்கள் விளம்பரம் செய்துகொள்ளவில்லை, அந்த அடையாளத்தை மறுத்தே வந்தார்கள். விசுவாசம் பாட்டில் இருந்தது, கடைகள் தாமாக எடுத்து அலமாரியில் வைத்தன. 1988இல் 'அவுட் ஆஃப் தி சைலண்ட் பிளானட்', 1989இல் 'கிரெட்சன் கோஸ் டு நெப்ராஸ்கா', 1990இல் 'ஃபெய்த் ஹோப் லவ்'. கனத்த கிடாருக்கு மேல் பீட்டில்ஸ் பாணிக் கூட்டுக்குரல், அதற்கு நடுவே பின்னிக்கின் குரல். அது கறுப்பின சபையின் குரல். தார்ப்பிடமிருந்து பிடுங்கப்பட்ட இசைக்குள் அந்தக் குரல் திரும்பி வந்து நின்றதைத்தான் இந்த ஆல்பங்களில் கேட்கிறேன். 1994இல் 'டாக்மேன்' வரும்போது விசுவாசத்தின் இடத்தில் கோபமும் சந்தேகமும் வந்துவிட்டன. கடைக்காரர்கள் காது கொடுத்துக் கேட்டிருந்தால் நான்காண்டு முன்பே அலமாரியை காலி செய்திருப்பார்கள். அவர்கள் கேட்டது பாட்டை இல்லை.

கிங்ஸ் எக்ஸ் கலையவில்லை. அதே மூன்று பேரும் 2022இல் 'த்ரீ சைட்ஸ் ஆஃப் ஒன்' ஆல்பத்தை வெளியிட்டார்கள்.

தார்ப் 1973இல் பிலடெல்பியாவில் இறந்தபோது கல்லறையில் பெயர்ப்பலகைகூட இல்லை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தது. ராக் அண்டு ரோல் புகழ் மன்றத்தில் அவரைச் சேர்த்தது 2018இல். அவரைக் கேட்டிராதவர்கள் 1964இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சி எடுத்த பதிவிலிருந்து தொடங்கலாம். மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ரயில் நிலையம், மழை நின்றும் நிற்காத நேரம். கோட்டு போட்ட நடுவயதுப் பெண் ஒருவர் நடைமேடையில் வெள்ளை கிடாரை மாட்டிக்கொண்டு வாசிக்கிறார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்க நடைமேடையில் உட்கார்ந்து வெள்ளைப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.