சாத்தூர் வட்டாரம்: கட்சி மாறியது யார்?

இருக்கன்குடி சாத்தூர் வட்டத்து ஊர். சாத்தூர்த் தொகுதியில் 1957, 1962 ஆகிய இரு தேர்தல்களிலும் வென்றவர் காமராசர். 1967இல் விருதுநகரில் நின்ற அவர், திமுகவின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். 1977இல் சாத்தூர் அதிமுகவிடம் சென்றது; 2021இல் மதிமுக வேட்பாளர் உதயசூரியன் சின்னத்தில் வென்றார்.

இதனை மக்களின் மனமாற்றமாக மட்டுமே வாசிப்பது பிழை. 1977இல் சாத்தூரில் அதிமுக சார்பில் வென்ற கே.கே.எஸ்.எஸ்.ஆர். இராமச்சந்திரனே 2006இல் அங்கு திமுக சார்பில் வென்றார். சிவகாசி மக்களவைத் தொகுதியை வைகோ 1998இல் அதிமுக அணியிலும், மறு ஆண்டே திமுக அணியிலும் நின்று கைப்பற்றினார். வாக்காளர் நின்ற இடத்திலேயே நிற்க, கொடிகள்தாம் இடம்பெயர்ந்தன.

தலித் வாக்குகளை ‘வாக்கு வங்கி’ என்று எண்ணிப் பழகிய கட்சிகள், வேட்பாளர் பட்டியலில் மட்டும் அந்தக் கணக்கை மறந்துவிடுகின்றன. மாவட்டத்தின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் திருவில்லிபுத்தூர் ஒன்றே தனித்தொகுதி. ஆனால் 2024இல் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் காங்கிரசின் மாணிக்கம் தாகூர் தேமுதிகவை வென்ற வித்தியாசம் வெறும் 4,379. சில சேரிகளின் வாக்குச்சாவடிகள் போதும், முடிவு மாறியிருக்கும்.

அந்த வலிமை எதைக் கேட்கப் பயன்பட்டது? 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். இரு மாதங்களுக்குள் சட்டமன்றத் தேர்தல் வந்தது. இழப்பீடு அறிவிக்கப்பட்டது, உரிமம் ஒருவரிடமும் உற்பத்தி வேறொருவரிடமுமாக நடக்கும் உள்குத்தகையோ எந்த அணிக்கும் தலையாய தேர்தல் பிரச்சினை ஆகவில்லை. வாக்குக் கேட்டுத் தெருவுக்கு வரும் வேட்பாளரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.