சூடு என்று சும்மா இருந்துவிடாதீர்கள்!

சகோதரிகளே, இந்த முறை சமையல் குறிப்பும் இல்லை, கைவேலையும் இல்லை. நான் செய்த ஒரு தவறைச் சொல்லப் போகிறேன். உங்களில் யாருக்காவது உபயோகப்படும்.

பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் பெண் ஒரு நாள் தயங்கித் தயங்கி, "அக்கா, அவருக்கு ஒண்ணுக்குப் போறப்ப ரத்தமாட்டம் போகுதுங்க. நோவு ஒண்ணும் இல்லீங்க" என்றாள். அவள் கணவர் முப்பத்தைந்து வருஷமாகச் சாயப்பட்டறையில் நூலுக்குச் சாயம் போடுகிறவர். நானோ பெரிய வைத்தியச்சி போல், "சூடாத்தான் இருக்கும் கண்ணு. வெந்தயத்தை ஊறவெச்சு மோருல குடு" என்று சொல்லி அனுப்பினேன். ரத்தமும் நின்றது. ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூத்திரப்பையில் புற்றுநோய்!

"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டாராம். பீடி பிடிப்பாரா என்பது அடுத்த கேள்வி. இரண்டுமே இந்த நோயைக் கொண்டு வரும்.

1895-லேயே ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற டாக்டர், சாயத் தொழிற்சாலை ஆட்களுக்கு இந்த நோய் வருவதைக் கண்டு சொன்னார். பென்சிடின் போன்ற சரக்குகள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய், மூத்திரப்பையைக் கெடுக்கின்றன. நோய் தலைகாட்ட இருபது, முப்பது வருஷம்கூட ஆகலாம். நம் நாட்டில் பென்சிடின் சாயங்களுக்கு 1993-லும், வேறு பல அசோ சாயங்களுக்கு 1997-லும் தடை வந்தது. அதற்கு முன் கைபட்டவர்களுக்கு இன்றும் கவனம் வேண்டும்.

இன்னொன்றும் என் மனதை உறுத்துகிறது. அவர்கள் குடியிருப்பது சாயத்தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம். வாடகை அங்கேதான் குறைவு. பட்டறை முதலாளி வீடோ தள்ளி, மேட்டில். இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றோரம், லூசியானா மாநிலத்தில் சுமார் 85 மைல் தூரத்துக்கு ரசாயனத் தொழிற்சாலைகள். 'புற்றுநோய்ச் சந்து' என்றே அதற்குப் பெயர். அந்தப் புகையில் அதிகம் அகப்பட்டவர்கள் ஏழைக் கறுப்பின மக்கள். எந்த நாடானாலும் கழிவு ஏழை வாசலைத்தான் தேடிப் போகிறது. நோய் தெரிவதும் ஏழைக்குத்தான் தாமதம்.

நாம் செய்யக்கூடியவை சில:

பட்டறை உடுப்பைக் குழந்தைத் துணியோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள். வீட்டுக்காரர் குளித்த பிறகே பிள்ளையைத் தூக்கட்டும். வேலையில் கையுறை போடச் சொல்லுங்கள். பீடியை விடச் சொல்லுங்கள்.

வாய்க்கால் ஓரக் கிணற்று நீரைக் காய்ச்சினால் கிருமிதான் சாகும். சாயமும் உப்பும் போகாது. சமையலுக்கும் குடிக்கவும் அது வேண்டாம்.

மூத்திரத்தில் ஒரே ஒரு முறை, வலியில்லாமல் ரத்தம் வந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் சோதனை செய்யுங்கள். செய்கிற வேலையை மறக்காமல் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள்.

பால்காரப் பெண்ணின் கணவருக்கு ஆபரேஷன் ஆகி, மூன்று மாதத்துக்கொரு முறை குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த ஆறு மாதம் மறக்கவில்லை. வெந்தயம் சூட்டுக்கு நல்லதுதான். ரத்தம் கண்டால் டாக்டர்தான், சகோதரிகளே!