வைக்கோல் கன்று

'ரெஸ்டோரேஷன்' என்ற வார்த்தை திருநெல்வேலிப் பட்டறைகள் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் போர்டு எழுதி மாட்டியிருக்கிறார்கள். வார்த்தை வந்ததில் எனக்கு ஆட்சேபமில்லை. அதன் பெயரால் நடக்கிற காரியத்தோடுதான் என் சண்டை. ஒரு பழைய பியட் காரின் எஞ்சினைக் கழற்றிக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் டீசல் எஞ்சினையோ ஜப்பான்காரன் எஞ்சினையோ புகுத்துகிறார்கள். இடம் பற்றாவிட்டால் உள் தகட்டை வெட்டுகிறார்கள். வெளியே ரோஸ் கலர் பெயிண்டை அடித்துக் கல்யாணப் போட்டோவுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். கேட்டால், ரெஸ்டோர் செய்திருக்கிறோம் என்கிறார்கள்.

செத்துப்போன கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்திப் பால் கறக்கும் தந்திரம் நம் கிராமங்களில் இருந்தது. பசு நக்கிக் கொடுக்கும், பாலும் சுரக்கும். ஆனால் அதைச் செய்த எந்த மாட்டுக்காரரும், 'கன்றைப் பிழைக்க வைத்துவிட்டேன்' என்று ஊரில் சொல்லிக்கொண்டதில்லை. அந்த வெட்கம் நம் ரெஸ்டோரேஷன்காரர்களுக்கு இல்லை.

இந்த வண்டியின் ஜாதகம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாந்தே ஜியாகோஸா என்ற இஞ்ஜினீயரின் கைவண்ணத்தில் உருவான '1100' காரை, 1953-ல் ஜெனீவா கண்காட்சியில் இத்தாலியின் பியட் கம்பெனி கொண்டுவந்து வைத்தது. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், அடுத்த வருஷமே அதைப் பம்பாய் குர்லாவுக்குக் கொண்டுவந்துவிட்டது. அறுபதுகளின் நடுவில் அது 'டிலைட்' ஆயிற்று. எழுபதுகளில் 'பிரஸிடென்ட்' என்று பெயர் மாறி, பிறகு 'பத்மினி' என்று பெண்பெயர் சூட்டிக்கொண்டது. 2000-ம் ஆண்டையொட்டி உற்பத்தி நின்றது. பம்பாயில் டாக்ஸியாக ஓடிய கடைசிப் பத்மினிக்கும் 2023 அக்டோபரோடு வயது வரம்பு முடிந்துவிட்டது. இனி ஒன்றுகூடப் புதிதாகப் பிறக்கப்போவதில்லை. இருப்பவைதான் இருப்பவை.

"ஒரு குடும்ப வண்டிக்கு இத்தனை ஆராதனையா? இதென்ன பந்தயக் காரா?" என்று கேட்பீர்கள். இத்தாலியில் இதே காருக்கு 'டூரிஸ்மோ வெலோச்சே' என்று வேகம் கூடிய ஓர் அண்ணன் இருந்தான். இங்கேயோ, சோழவரம் விமானத்தளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில், வக்கீல் வீட்டுப் போர்ட்டிகோவில் சாதுவாக நிற்கும் நம் பியட்டே சீறிக்கொண்டு ஓடியிருக்கிறது. 1089 சி.சி. எஞ்சின், நாற்பது சொச்சம் குதிரைச் சக்தி. பந்தயக்காரர்கள் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினார்கள்; கார்புரேட்டரை மாற்றினார்கள். அதுவும் மேம்பாடுதான். ஆனால் அந்த எஞ்சினுக்குள் தூங்கிக் கிடந்ததை அவர்கள் தட்டி எழுப்பினார்கள். அதன் வேஷத்தில் வேறொருவனைக் கொண்டுவந்து மேடையில் நிறுத்தவில்லை.

என்னிடம் இருப்பது 1968-ம் வருஷத்து டிலைட். பெரியப்பா வாங்கியது. கம்ப்ரஷன் போய்ப் புகை கக்க ஆரம்பித்தபோது ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அந்தப் பட்டறையின் பெயர் வேண்டாம். அங்கிருந்த இளைஞர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

"இந்த எஞ்சினத் தூக்கிப் போட்டிருவோம் அண்ணாச்சி. டீசல் ஒண்ணு கைவசம் இருக்கு. ஏ.சி., பவர் ஸ்டியரிங், தரையில கியர், எல்லாம் பண்ணிரலாம். புது வண்டி தோத்துப்போவும்."

"அப்புறம் இது பியட்டா இருக்குமா தம்பி?"

"மேல பியட்டுதானே அண்ணாச்சி!"

'மேல பியட்டு'! இந்த இரண்டு வார்த்தையில் அவர்களுடைய முழு வேதாந்தமும் அடங்கிவிட்டது. மேலே எது தெரிகிறதோ அதுதான் பொருள். உள்ளே இருப்பது யாருக்கு வேண்டும்?

வண்டியைத் திருப்பிக்கொண்டு டவுனில் ஒரு வயதான மேஸ்திரியிடம் போனேன். அவர் எஞ்சினை இறக்கி, சிலிண்டரை லேத்துக்கு அனுப்பிப் போர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார். கிராங்கைக் கிரைண்டு செய்து, வால்வுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து உட்கார்த்தினார். உதிரி பாகத்துக்காக நான் மதுரைக்கும் கோயமுத்தூருக்கும் அலைந்தேன். நாலு மாசம் ஆயிற்று. புது எஞ்சின் வைத்திருந்தால் ஒரு மாசத்தில் முடிந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். புது எஞ்சின்தான் வேண்டுமென்றால் புது வண்டியே வாங்கியிருக்கலாமே!

மேம்பாடே கூடாதென்று நான் கட்சி கட்டவில்லை. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு நாலுவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே போகிறவனை ரசிகன் என்று சொல்லமாட்டேன், அசடு என்பேன். இத்தாலிக்காரர்களே 1966-ல் தங்களுடைய 1100 ஆர் மாடலில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்துவிட்டார்கள். ஸீட் பெல்ட் போடுங்கள், ரேடியல் டயர் போடுங்கள், டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வையுங்கள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிற இந்த நாளில், பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் கெட்டுப்போகும். எத்தனால் தாங்குகிற சரக்காக மாற்றியே ஆகவேண்டும். இதற்கெல்லாம் என்னிடம் ஒரே சட்டம்தான் உண்டு. ஸ்பேனரால் செய்ததை நாளைக்கு ஒருவன் ஸ்பேனரால் திருப்பிவிடலாம். கேஸ் கட்டரால் செய்ததைத் திருப்ப முடியாது.

கொக்கிரகுளத்தில் தாமிரபரணியின் மேல் நிற்கும் சுலோச்சன முதலியார் பாலத்தைப் பாருங்கள். 1843-ல் திறந்த பாலம். வண்டிகள் பெருத்தபோது, பழைய வளைவுகளை இடிக்காமல் பக்கத்தில் சேர்த்துக் கட்டி அகலப்படுத்தினார்கள். பாலமும் பிழைத்தது, பஸ்ஸும் போகிறது. மேம்பாடு என்பது பழையதற்கு ஊழியம் செய்யவேண்டும். அதன் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

கதை எழுதுகிறவனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்கிறவர்களுக்கு என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். பத்துப்பாட்டு ஏடு தேடிக்கொண்டு உ.வே. சாமிநாதையர் நம் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்து அலைந்தார். 1889-ல் புத்தகத்தை வெளியிட்டார். பிறகு பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபோது முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. எட்டுப் பத்தோடுதான் வெளியிட்டார். அவருக்கா இருபது பாட்டு எழுதத் தெரியாது? எழுதிச் சேர்த்திருந்தால் அந்த நாளில் எத்தனை பேர் கண்டுபிடித்திருப்பார்கள்? கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று சொல்லுகிற அந்த நாணயத்துக்குப் பெயர்தான் மீட்பு. என் வண்டியில் எந்தெந்தப் பாகம் மாறியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு வாங்குகிறவன் ஏமாறக் கூடாது.

'இதெல்லாம் வெறும் உணர்ச்சி' என்று தள்ளுகிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருக்கெடுத்து ஜங்ஷனையும் மீனாட்சிபுரத்தையும் முழுக்காட்டியது யாருக்கும் மறந்திருக்காது. மீனாட்சிபுரத்தில் என் பியட் ஸீட் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. அடுத்த தெருவில் ஒரு நண்பரின் பியட். புதுக் கம்ப்யூட்டர் எஞ்சின் வைத்து 'ரெஸ்டோர்' செய்தது. தண்ணீர் வடிந்ததும் மேஸ்திரி வந்தார். "சாவியத் தொடாதீங்க" என்பதுதான் முதல் வார்த்தை. பிளக்குகளைக் கழற்றினார், எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் ஆயில்களை இறக்கினார், டிஸ்ட்ரிபியூட்டரையும் ஸ்டார்ட்டரையும் பிரித்து உலர்த்தினார், கார்புரேட்டரைக் கழுவினார். ஒன்பதாம் நாள் வண்டி கிளம்பிற்று. நண்பரின் வண்டியில் கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது. எந்தக் கம்பி எங்கே போகிறதென்பது அதை இணைத்தவருக்கே நினைவில்லை, படமும் கிடையாது. பியட்காரர்கள் அது தங்கள் எஞ்சின் இல்லை என்றார்கள். அந்த எஞ்சின்காரர்கள் இது தங்கள் வண்டி இல்லை என்றார்கள். வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது. இரண்டு வீட்டிலும் சேராத மருமகள் கதை!

சர்க்காருக்குக்கூட இந்த வித்தியாசம் விளங்கியிருக்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, 50 வருஷம் கடந்து, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் 'விண்டேஜ்' அந்தஸ்து. எஞ்சினை எடைக்குப் போட்டவர் அந்த அந்தஸ்தையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்.

ஆனால் என் கவலை அந்தஸ்தைப் பற்றியதல்ல. ஒரு எஞ்சின் காயலான் கடைக்குப் போகிறபோது, அதன் பாகங்களால் பிழைத்திருக்கக்கூடிய இன்னும் இரண்டு வண்டிகள் சாகின்றன. அதோடு, காதைக் கொடுத்தே டாப்பெட் இடைவெளி சொல்லுகிற மேஸ்திரியிடம் வேலை கற்க வரவேண்டிய பையன், எஞ்சினைத் தூக்கிப்போட மட்டும் கற்றுக்கொள்கிறான். ரிப்பேர் என்பது ஒரு கல்வி. அதைக் கற்காத தலைமுறைக்குக் கெட்டுப்போனது எதுவானாலும் குப்பைதான்: கார் மட்டுமா, கிணறும் ஆறும்கூட.

ஆகவே, பழைய பியட் வைத்திருப்பவர்களுக்கு என் விண்ணப்பம்: அதனுடைய குணத்தோடு, நிதானத்தோடு, முதல் கியருக்கு அது கேட்கிற மரியாதையோடு ஓட்டப் பிரியமிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிரியமுள்ளவனுக்கு விற்றுவிடுங்கள். பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பிழைப்பில் நான் மண்ணைப் போட வரவில்லை. எந்த எஞ்சினை வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் வையுங்கள். போர்டை மட்டும் மாற்றிவிடுங்கள். 'இவ்விடம் வைக்கோல் கன்று செய்து தரப்படும்' என்று எழுதிவிட்டால் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை.