பட்ட மரங்களையும் சிக்கிய மரங்களையும் வீழ்த்துதல்: நிலைப்பாட்டு அறிக்கை

ஈரோடு மாவட்டச் சிறு உழவர்களும் மரம் அறுக்கும் தொழிலாளர்களும் ஒருசேர உறுப்பினராக உள்ள இச்சங்கத்தின் செயற்குழு, தோட்டங்களிலும் தோப்புகளிலும் மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளிலும் நிற்கும் பட்ட மரங்களை வீழ்த்துவது குறித்த தன் நிலைப்பாட்டை இவ்வறிக்கையில் பதிவு செய்கிறது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021 ஆகஸ்டில் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்ததும், அதற்கான நடைமுறையை 2025இல் அரசாணை வகுத்ததும், அவற்றை ஒட்டிக் கூட்டங்களில் எழுந்த வாக்குவாதமும் உறுப்பினர்கள் அறிந்தவை என்பதால் இங்கு விவரிக்கப்படவில்லை.

பனையைக் காக்கும் நோக்கத்தைச் சங்கம் பொதுவாக வரவேற்கிறது. செங்கல் சூளைகளுக்கு விறகாகப் போன பனைகளைக் கண்ட மாவட்டம் வேறு விதமாகப் பேச இயலாது. ஆயினும், தடத்தின் மேல் சாய்ந்து நிற்கும் மொட்டைப் பனையும் பாளை விடும் பனையும் ஒரே வரிசையில் காத்திருப்பது இயன்றவரை தவிர்க்கப்பட வேண்டும் என்பது பெரும்பான்மைக் கருத்து. விழும் நிலையிலுள்ள மரத்தை அகற்ற ஆணையிடும் அதிகாரம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவிலும் அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 152ஆம் பிரிவிலும் நிர்வாக நடுவருக்கு வழங்கப்பட்டிருக்க, அதைப் பயன்படுத்தும் வழி ஊராட்சி அளவில் எளிதாக்கப்படலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று எந்தக் கோப்பு நகரும் வரையிலும் பொறுத்திருப்பதில்லை.

இவ்விவாதம் முழுவதும் மரத்தைப் பற்றியும் அனுமதியைப் பற்றியுமே நடந்து, மரத்தடியில் ரம்பத்துடன் நிற்கும் ஆளைப் பற்றி நடக்கவில்லை என்பதே செயற்குழுவின் முதன்மையான மனக்குறை. உயிருள்ள மரத்தை வீழ்த்தும்போது, விழ வேண்டிய பக்கத்தில் முன்வெட்டும், அதற்கு எதிர்ப்பக்கத்தில் பின்வெட்டும் போட்டு, இரண்டுக்கும் இடையே அறுபடாத ஒரு மரப்பகுதியை விட்டுவைப்பர்; கதவின் கீல் போல் செயல்பட்டு மரத்தைக் குறித்த திசையில் சாய்ப்பது அப்பகுதியே. பட்ட மரத்தில் நார் உலர்ந்து போயிருப்பதால் அந்தக் கீல் வளையாமல் முறிகிறது. ரம்பத்தின் அதிர்விலேயே காய்ந்த கிளைகள் அறுப்பவர் தலைமேல் உதிர்கின்றன. தென்னையில் நிலைமை இன்னும் மோசமானது. அதன் வலு வெளிப்புறத்தில் இருக்க, உள்தண்டு மென்மையானது என்பதால், சிவப்புக் கூன்வண்டு குடைந்த மரமோ, தஞ்சாவூர் வாடல் எனப்படும் அடித்தண்டழுகல் நோயால் அடி இற்றுப்போன மரமோ, பார்வைக்கு நேராக நின்றாலும் ஏறுபவரின் எடையைத் தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அத்தகைய மரத்தில் ஏறித் தலையை வெட்டி இறக்கச் சொல்வது வேலை கொடுப்பதாகாது.

சிக்கிய மரம் என்பது, அடி அறுபட்ட பின்னோ காற்றில் முறிந்த பின்னோ தரைக்கு வராமல் பக்கத்து மரத்தின் கவையில் தொங்கி நிற்பதாகும். அது எப்போது, எந்தப் பக்கம் நழுவும் என்பதை அனுபவசாலியாலும் கணிக்க முடியாது. அதை விடுவிக்கத் தாங்கி நிற்கும் மரத்தை அறுப்பது, தொங்கும் மரத்தில் ஏறி மிதித்து ஆட்டுவது, அடியைத் துண்டு துண்டாக அறுத்து இறக்குவது ஆகிய மூன்றும் பரவலாகக் கையாளப்படும் வழிகள். மூன்றுமே அறுப்பவரை மரம் விழும் எல்லைக்குள் கொண்டு நிறுத்துபவை. மரத்தின் நீளத்தைவிட நீண்ட வடத்தை அடியில் கட்டி, டிராக்டரால் எட்டத்திலிருந்து பின்னோக்கி இழுப்பதே ஏற்கத்தக்க முறை. வடத்தின் மறுமுனையை டிராக்டரின் தாழ்ந்த இழுவைக் கம்பியில் மட்டுமே பிணைக்க வேண்டும், உயரத்தில் பிணைத்தால் வண்டி பின்புறமாகக் கவிழக்கூடும்.

இந்த முறையை அறியாதவர் குறைவு. அதற்குச் செலவழிக்க மனம் இல்லாதவர் மிகுதி. வேம்பையோ வெள்வேலத்தையோ நின்ற நிலையிலேயே விலை பேசும் வியாபாரி, பட்ட தென்னைக்கு விலை தருவதில்லை. விலை இல்லாத மரத்துக்குக் கூலி கொடுக்கத் தோட்டக்காரருக்குக் கட்டுவதில்லை. 2016–17 வறட்சிக்குப் பின் காய்ந்து நின்ற தென்னைகள் பலவற்றின் கதை இதுவே. கடைசியில், ‘விறகை எடுத்துக்கொள், வெட்டிக்கொடு’ என்ற பேச்சில் ஓர் உயிர் விறகு விலைக்குப் பணயம் வைக்கப்படுகிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் மரம் வீழ்த்துவதைத் தன் அட்டவணையில் சேர்த்திருந்தது. தென்னை ஏறுவோருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீடும், பனைத் தொழிலாளருக்கு 2006 முதல் நல வாரியமும் உண்டு. ஊர் ஊராகச் சென்று அறுப்பவரோ, விழுந்த அன்று யாருடைய ஆளும் இல்லை என்றாகிவிடுகிறார். இழப்பீட்டுப் பொறுப்பை நில உரிமையாளரும் வியாபாரியும் பகிர்ந்துகொள்வது உகந்தது எனச் செயற்குழு கருதுகிறது. பங்கின் அளவில் உடன்பாடு எட்டப்படவில்லை.

மின்கம்பி அருகிலுள்ள மரத்தை, மின்வாரிய ஊழியர் நேரில் வந்து மின்சாரத்தை நிறுத்தாமல் தொடக் கூடாது. ஆள் நடமாட்டமும் கட்டடமும் இல்லாத இடத்தில் நிற்கும் பட்ட பனையைக் கிளிக்கும் ஆந்தைக்கும் விட்டுவைக்கலாம் என்ற யோசனை ஏற்கப்பட்டது.

மேற்கண்டவற்றின் அடிப்படையில் சங்கம் பின்வருமாறு தீர்மானிக்கிறது:

1. பட்டு, சாய்ந்து, ஆள் நடக்கும் இடத்தை அச்சுறுத்தும் பனைகளுக்குத் தனி, விரைவு அனுமதி முறை வகுக்குமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறது.

2. வேலை தொடங்குமுன் மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தொலைவுக்கு ஆளும் கால்நடையும் அகற்றப்படுவதும், விழும் திசைக்குப் பின்புறம் சாய்வாக ஒதுங்கும் வழி செதுக்கி வைக்கப்படுவதும் இயன்றவரை உறுதிசெய்யப்பட வேண்டும்.

3. பட்ட மரத்தை இறக்கும் கூலியில் ஒரு பகுதியை அரசு மானியமாக ஏற்பது பரிசீலிக்கப்படலாம்.

4. பட்ட தென்னையிலும் பனையிலும் சங்க உறுப்பினர் எவரும் ஏறமாட்டார். சிக்கிய மரத்தின் அடியில் நின்று அறுக்கவும் மாட்டார். எந்த உறுப்பினரும் பிறரை அதற்கு ஏவவும் மாட்டார். இந்த ஒரு தீர்மானத்தில் ‘இயன்றவரை’ என்ற சொல்லைச் சேர்க்க முன்வைக்கப்பட்ட திருத்தம் நிராகரிக்கப்பட்டது.