உறுதிமொழி எடுத்த மறுநாள்

ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் வருஷத்துக்கு எத்தனை முறை வலது கையை நீட்டி உறுதிமொழி எடுக்கிறோம் என்று பணியில் இருந்தபோது நான் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது நேரம் இருக்கிறது, எண்ணினேன். ஜனவரி 25 வாக்காளர் தினம். ஜனவரி 30 தீண்டாமை ஒழிப்பு. பிப்ரவரி 9 கொத்தடிமை முறை ஒழிப்பு. மே 21 பயங்கரவாத எதிர்ப்பு. ஆகஸ்ட் 20 நல்லிணக்கம். அக்டோபர் 31 ஒற்றுமை. நவம்பர் 26 அரசியல் சாசனம். 2018இல் நான் ஓய்வு பெற்ற பிறகு தமிழ்நாட்டில் இன்னும் இரண்டு சேர்ந்துவிட்டன. பெரியார் பிறந்த செப்டம்பர் 17, 2021 முதல் சமூக நீதி நாள். அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14, 2022 முதல் சமத்துவ நாள். இவை போக மார்ச் 8 மகளிர் தினம், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம்.

இவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சொல்பவைதான்: இங்கே வேலை பார்க்கும் எல்லோரும் சமம், யாரையும் ஒதுக்கக் கூடாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதற்கு டைவர்சிட்டி, இன்க்ளூஷன் என்று பெயர் வைத்து ஊழியர்களுக்கு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். நம் ஊரிலும் சுற்றறிக்கைகளில் அந்தச் சொற்கள் வந்துவிட்டன என்று பணியில் இருக்கும் தோழிகள் சொல்கிறார்கள். பெயர் புதிது, ஆனால் சமாச்சாரம் நமக்குப் பழையதுதான்.

35 வருஷம் இளநிலை உதவியாளரிலிருந்து உதவிப் பதிவாளர் வரை இருந்து பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த நிகழ்ச்சிகள் வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நடப்பது நன்றாகத்தான் நடக்கிறது என்று சொல்பவர்களோடும் இல்லை.

முதலில், எதற்காக நடத்துகிறோம் என்பதைப் பார்ப்போம். நான் பணியில் இருந்த காலத்தில் நாக் குழு வந்து தரச்சான்று கொடுக்கும்போது ஏழு தலைப்புகளில் மதிப்பெண் போட்டது. ஏழாவது தலைப்பு, நிறுவனத்தின் விழுமியங்களும் சிறந்த நடைமுறைகளும். பாலின சமத்துவத்துக்கு என்ன செய்தீர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி, எல்லோரையும் அரவணைக்கும் சூழல் உண்டா, முக்கிய தினங்களைக் கொண்டாடுகிறீர்களா என்றெல்லாம் அதில் கேள்விகள் இருந்தன. பதிலோடு சான்று வைக்க வேண்டியிருந்தது. சான்று என்றால் புகைப்படம், அதுவும் எந்த இடத்தில் எடுத்தது என்று படத்திலேயே பதிவாகியிருக்க வேண்டும். அதனால் நிகழ்ச்சிக்கு முதல் தேவை பிளக்ஸ் பேனர், இரண்டாவது போட்டோகிராபர், மூன்றாவது வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. பேச்சாளர் நாலாவது.

இதில் தவறு இல்லை. கேள்வி கேட்க ஒரு குழு வருவதால்தான் பல இடங்களில் சாய்தளமே கட்டினார்கள். ஆனால் படம் எடுத்ததோடு கோப்பு மூடப்படுகிறதே, அங்கேதான் பிரச்சனை.

நாங்கள் நடத்திய ஒரு மாற்றுத்திறனாளிகள் தின நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. எங்கள் அலுவலகத்தில் பார்வையற்ற உதவியாளர் ஒருவர் இருந்தார். கணினியில் என்விடிஏ என்ற இலவச மென்பொருள் வைத்திருந்தார். திரையில் உள்ளதை அது வாசித்துக் காட்டும், அவர் கேட்டுக்கொண்டே வேலையை முடிப்பார். வேகத்தில் எங்களில் பலர் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. அவரைப் பாராட்டத்தான் அன்றைய நிகழ்ச்சி. அவருக்கு மட்டும் அப்படி ஒரு நிகழ்ச்சி இருப்பதே அன்று காலை வரை தெரியாது! காரணம் எளிது. சுற்றறிக்கையைக் காகிதத்தில் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, படமாக அனுப்பியிருந்தார்கள். அவருடைய மென்பொருளால் அந்தப் படத்தை வாசிக்க முடியாது. சில சமயம் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பையே அனுப்புவார்கள். அதைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளைக் கன்னாபின்னாவென்று வாசிக்கும்.

மேடையில் சால்வை போட்டார்கள். மைக்கை வாங்கி அவர் ஒரே நிமிஷம் பேசினார். "சால்வைக்கு நன்றி சார். சுற்றறிக்கையை யூனிகோடில் டைப் பண்ணி, அந்தக் கோப்பையும் கூடவே அனுப்பினா போதும். வேற எதுவும் வேண்டாம்." கைதட்டல் பலமாக இருந்தது. அடுத்த வாரம் வந்த சுற்றறிக்கையும் ஸ்கேன்தான்.

யூனிகோடில் அனுப்பப் பணம் செலவில்லை. தமிழக அரசு 2010லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2016இல் வந்தது. முன்பு 7 வகையாக இருந்த குறைபாடுகளை 21 வகையாக விரித்தது, வேலையில் ஒதுக்கீட்டை 3 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்றும் சொன்னது. சட்டம் இருந்தது, தொழில்நுட்பம் இருந்தது, கேட்டவரும் மேடையிலேயே இருந்தார். அவர் கேட்டதைக் குறித்துக்கொள்ள ஒரு ஆள் இல்லை. நிகழ்ச்சி அறிக்கையில் "ஏற்புரை வழங்கினார்" என்ற இரண்டு சொல்லில் அது முடிந்துவிட்டது.

இனி மகளிர் தினம். கோலப் போட்டி, இசை நாற்காலி, ஒரு சிறப்புரை, ஆளுக்கொரு ரோஜா. கோலம் போட எனக்கும் பிடிக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்ததே, அதன்படி 10 பேர் வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். குழு அமைத்த ஆணையைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். ஊழியர்களுக்கு விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை அவ்வப்போது நடத்த வேண்டும். ஆக, நிகழ்ச்சி நடத்துவது நிர்வாகத்தின் கருணை இல்லை, சட்டம் சுமத்திய கடமை.

ஒரு வருஷம் கோலப் போட்டிக்குப் பதிலாக ஒரு பெண் வழக்கறிஞரைக் கூப்பிட்டோம். அரை மணி நேரம்தான் பேசினார். யார் புகார் கொடுக்கலாம், எங்கே கொடுக்கலாம், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பாடம் மாதிரி சொன்னார். ஒப்பந்தப் பணியாளரும் தினக்கூலியும் பயிற்சியில் இருப்பவரும்கூட இந்தச் சட்டத்தின் கண்ணில் ஊழியர்தான் என்றார். மூன்றாம் நாள் சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, தொகுப்பூதியத்தில் இருந்த ஒரு பெண் என் மேஜைக்கு வந்தாள். "மேடம், அந்தம்மா சொன்னது எங்களுக்கும் உண்டா?" உண்டு என்றேன். உட்கார்ந்து எழுதினாள். அதற்கு மேல் இங்கே சொல்லக் கூடாது. அந்த அரை மணி நேரம் இல்லாவிட்டால் அந்தத் தாள் எழுதப்பட்டிருக்காது என்று மட்டும் சொல்லலாம். நிகழ்ச்சிகளே வீண் என்று யாராவது சொல்லும்போது எனக்கு அவள் முகம்தான் ஞாபகம் வரும்.

அவள் அன்று கூட்டத்தில் இருந்ததே தற்செயல். நாற்காலி போட வந்தவள், பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். துப்புரவுப் பணியாளர், காவலாளி, தோட்டக்காரர் இவர்களெல்லாம் இப்போது பெரும்பாலும் வெளி ஏஜென்சி மூலம் வருகிறார்கள். சுற்றறிக்கை "ஆசிரியர்கள் மற்றும் அலுவலர்கள்" என்று ஆரம்பிக்கும். இவர்கள் இரண்டிலும் வர மாட்டார்கள். சமத்துவத்துக்கு நாங்கள் உள்ளே கை நீட்டியபோது வெளியே டீ ஆறாமல் பார்த்துக்கொண்டது அவர்கள்தான்.

கடைசியாகச் சாதி. "அதைப் பேசப் பேசத்தான் வளரும், விட்டுவிட்டால் தானாகப் போய்விடும்" என்று படித்தவர்களே சொல்வார்கள். அலுவலகத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாததால் அது போய்விடவில்லை. புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் நாள் "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். இரண்டாம் நாள் "ஊருக்குள்ளயா, காலனியா?" மூன்றாம் நாள் "குலதெய்வம் எது?" பதவி உயர்வு வந்தால் "கோட்டாதானே" என்று காதுபட ஒரு முணுமுணுப்பு.

ஊழியர் பயிற்சி ஒன்றில் இதை ஒரு பயிற்சியாளர் அழகாகக் கையாண்டார். உரையே ஆற்றவில்லை. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, "இந்த அலுவலகத்தில் உங்களிடம் கேட்டிருக்கக் கூடாத கேள்வி எது? பெயர் வேண்டாம், கேள்வியை மட்டும் எழுதுங்கள்" என்றார். சீட்டுகளைக் குலுக்கி ஒவ்வொன்றாகப் படித்தார். தெருவைக் கேட்டது, குலதெய்வத்தைக் கேட்டது, "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்டது, "உங்க வீட்டில் இதெல்லாம் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டது. கேட்டவர்களும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த எத்தனையோ கூட்டங்களில் உண்மையிலேயே எல்லோரும் கவனித்துக் கேட்டது அதில்தான்.

அதே அலுவலகத்தில் பழங்குடி வகுப்பைச் சேர்ந்த ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். கணீரென்ற குரல். ஒவ்வொரு ஜனவரி 30க்கும் உறுதிமொழியை அவர்தான் வாசிப்பார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். அவரை ஏன் வாசிக்கச் சொல்கிறார்கள் என்பதற்குக் குரல் மட்டும் காரணமில்லை என்று அவருக்கும் தெரியும். ஓய்வு பெற்றபோது அவருடைய சாதிச் சான்றின் மெய்த்தன்மை சரிபார்க்கப்படவில்லை என்று தற்காலிக ஓய்வூதியம் மட்டும் கொடுத்தார்கள். பணிக்கொடை நிறுத்தி வைக்கப்பட்டது. மகள் கல்யாணத்துக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். பிறகு நான் அந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்து பீரோவைத் திறந்து பார்த்தால், சரிபார்ப்புக்கு அனுப்ப வேண்டிய கடிதம் எங்கள் பக்கத்திலிருந்து போகவே இல்லை. வரைவு இருந்தது, கையெழுத்து இல்லை. மூன்று வருஷம்! அனுப்பி, பதில் வந்து, பணம் கைக்கு வர மேலும் ஒன்றரை வருஷம் ஆயிற்று.

பணிக்கொடை ஆணையை வாங்க வந்தவர் கோபப்படவில்லை. "மேடம், இத்தனை வருஷம் நான் வாசிக்க வாசிக்க எல்லாரும் திருப்பிச் சொன்னாங்க. என் பேப்பரை மட்டும் யாரும் திருப்பிப் பார்க்கல" என்றார்.

உறுதிமொழி நிகழ்ச்சிக்கான டீ, வடை, பேனர் செலவுக் கோப்பு ஒரே நாளில் மூன்று கையெழுத்து வாங்கும். அவருடைய கடிதத்துக்கு ஒரு கையெழுத்து போதும், அதற்கு மூன்று வருஷம். இந்த இரண்டு கோப்புகளும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில் இருந்தவை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை.

என் யோசனை பெரிதாக ஒன்றுமில்லை, எங்கள் தொழிலிலேயே உள்ளதுதான். ஆட்சிக்குழு, கல்விக்குழு என்று எந்தக் கூட்டம் நடந்தாலும் அடுத்த கூட்டத்தின் முதல் பொருள் என்ன? சென்ற கூட்ட முடிவுகள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை. அது இல்லாமல் கூட்டமே தொடங்காது. சமத்துவ நாள், மகளிர் தினம், மாற்றுத்திறனாளிகள் தினம் எல்லாவற்றுக்கும் அதே விதியை வைத்தால் என்ன? நிகழ்ச்சியில் ஊழியர்கள் கேட்டதை ஒருவர் எழுத வேண்டும். மறுநாள் அது கோப்பாக வேண்டும். அடுத்த வருஷம் உறுதிமொழிக்கு முன்னால் பதிவாளர் அதைப் படிக்க வேண்டும்: யூனிகோடு கேட்டார்கள், கொடுத்தோம். குழுவின் பெயர்ப் பட்டியலை ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினோம். சான்று சரிபார்ப்பு நிலுவை இத்தனை, அனுப்பியது இத்தனை. செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று படிக்கட்டும். அதைப் படிக்கக் கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சம்தான் வேலை வாங்கும்.

கூடவே இரண்டு சின்ன விஷயம். சுற்றறிக்கையில் "ஒப்பந்த மற்றும் தினக்கூலிப் பணியாளர்கள் உட்பட" என்று ஒரு வரி சேருங்கள், அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்களுக்குக் கூலி பிடிக்காதீர்கள். டீயை அன்றைக்கு அதிகாரிகள் ஊற்றட்டும், கை ஒன்றும் சுட்டுவிடாது.

பணியில் இருக்கும் நண்பர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அடுத்த நிகழ்ச்சிக்குச் சுற்றறிக்கை தயாரிக்கும் பொறுப்பு உங்களில் யாருக்காவது வரும். போன வருஷ அறிக்கையை எடுத்து "ஏற்புரை வழங்கினார்" என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அவர் என்ன கேட்டார் என்று அவரையே போய்க் கேளுங்கள்.