பாதையைப் பார்த்தேன், போட்டவன் பெயரைக் காணோம்!

சயாம் தேசம் போய்த் திரும்பியிருக்கிறேன். இன்று அதற்குத் தாய்லாந்து என்று பெயர். பாங்காக்கில் ஓட்டல் சமையல் வேலை பார்க்கும் தங்கை மகன், "மாமா, ஒரு வாரம் வந்து ஊர் சுற்றிப் பாருங்க" என்று டிக்கெட் எடுத்து அனுப்பினான். திரும்பியதும் ஆலை வாசல் டீக்கடையில் தோழர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன பார்த்தீங்க தோழர்?"

பொன் வேய்ந்த கோபுரங்களைப் பார்த்தேன். ஆனால் மனதை விட்டு அகலாதது வேறு.

பாங்காக்குக்கு மேற்கே காஞ்சனபுரி. அங்கே க்வாய் ஆற்றின் மேல் ஓர் இரும்புப் பாலம். 1957இல் வந்த ஆங்கிலப் படத்தால் உலகப் புகழ் பெற்றது. கூட்டம் கூட்டமாக வந்து போட்டோ எடுக்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது: இந்த ரயில் பாதையைப் போட்டவன் யார்?

1942இல் மலேயாவையும் சிங்கப்பூரையும் பிடித்த ஜப்பானிய ராணுவம், பர்மாப் போர்முனைக்குத் தளவாடம் அனுப்ப 415 கிலோமீட்டர் பாதை போட்டது. காட்டையும் மலையையும் வெட்டி, 1943 அக்டோபரில் முடித்தது. யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு அதிகம் ஆசியக் கூலிகள்: தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர்.

யுத்தத்தால் ரப்பர் வியாபாரம் நின்று தோட்டங்களில் பட்டினி. நல்ல கூலி என்று ஆசை காட்டினார்கள். வராதவனைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். வெள்ளைத் துரைக்கு ரப்பர் பால் வடித்தவன் ஜப்பான்காரனுக்குக் கல் சுமந்தான். காலராவும் மலேரியாவும் பசியும் வாரிக்கொண்டு போயின.

காஞ்சனபுரி ஊருக்குள் கைதிகளின் கல்லறைத் தோட்டம். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக்காரர் ஏறத்தாழ 7,000 பேர். பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்திருக்கிறார்கள். அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தாம். அந்த மரியாதை நியாயமே. நம்மவர்களுக்கு? மாண்ட கூலிகள் 90,000 பேர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. கணக்கு கிடையாது. கைதிகளின் அதிகாரிகள் ஜப்பானியருக்குத் தெரியாமலாவது செத்தவன் பெயரை எழுதி வைத்தார்கள். கூலியின் பெயரை எழுத யார் இருந்தார்கள்? 80 ஆண்டு கழித்து, 2023இல்தான் அங்கே தமிழருக்கு ஒரு நடுகல் வைத்தார்கள். அதில் பெயர்களைப் பொறிக்கப் பட்டியல் யாரிடம் உண்டு?

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். போன வருஷம் நம் வட்டாரத்து ஆலை ஒன்றில், ராத்திரி ஷிப்டில் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி மிஷினில் சிக்கி இறந்தான். "எங்கள் மஸ்டரில் அவன் பெயர் இல்லை" என்றது நிர்வாகம். காண்ட்ராக்டர் கையை விரித்தான். நஷ்ட ஈட்டுக்கு அவன் மனைவி இன்னும் நடையாய் நடக்கிறாள்.

தோழர்களே! மஸ்டரில் பெயர், கையில் சம்பளச் சீட்டு என்று சங்கம் கேட்பது சில்லறைக் கோரிக்கையல்ல. பெயர் இல்லாதவனுக்குக் கூலிப் பாக்கியும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை. வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போகிற பிள்ளையின் பெயர், கூட்டிப்போகும் ஏஜெண்டின் பெயர், போகும் இடம் மூன்றையும் கிளைச் சங்க நோட்டில் எழுதுங்கள். மலேயா போய்த் திரும்பாத பாட்டன் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் பெயரையும் ஊரையும் கிழவிகளிடம் கேட்டு அதே நோட்டில் எழுதுங்கள். கேட்டுச் சொல்ல இன்னும் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள்.